சிறிய புல்லி

மூன்றாவது ஓட்டம் முடிந்து எஞ்சின் அடங்கியதும் லோகநாயகி ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லாமல், "கொஞ்சம் ஆறட்டும்" என்றாள். அதில் எவரும் குற்றம் காண இடமில்லை. பங்குனி வெயிலில், செட்டிபாளையம் சாலையோரத்துத் தகரக் கொட்டகையில், நின்ற இடத்திலேயே ஓடவைத்து வலுவை அளக்கும் உருளைகளின்மேல் வார்களால் கட்டுண்டு நிற்கும் ஒரு கார், மூன்று முறை உச்சம்வரை விரட்டப்பட்டால், ஆற வேண்டியதுதான். கொட்டகைக்குச் சொந்தக்காரரான மன்சூர் ஆளுயர விசிறியை உருட்டிவந்து காரின் பக்கவாட்டுக் காற்றுத்துளைக்கு நேரே நிறுத்தினார். தம்பி சென்னியப்பன் இறங்கவில்லை. ஸ்டியரிங்கின்மேல் இரண்டு கைகளையும் வைத்தபடி, முன்கண்ணாடி வழியே, எதிரில் மேசைக்குப் பின்னால் அமர்ந்திருந்த அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காத்திருந்தது விசிறிக் காற்றுக்கு அன்று. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அக்கா ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்து, "சுத்தம்" என்பாள். அதன் பிறகுதான் அவன், "எவ்வளவு?" என்று கேட்பான். அதற்கும் பிறகுதான் மன்சூர் திரையைத் திருப்பிக் குதிரைத்திறனைக் காட்டுவார். இந்த வரிசையை யாரும் விதித்ததில்லை. படைத்து முடிக்குமுன் பொங்கலில் கைவைக்காத வீட்டில் பிறந்தவர்கள்; அது தானாக அமைந்துவிட்டது. இப்போது ஹெட்போன் இன்னும் அவள் காதிலேயே இருந்தது. கழற்றினால் சொல்ல வேண்டிவரும். அணைந்த எஞ்சினைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு நேரத்துக்கு இயல்பாகத் தோன்றும் என்று அவள் எண்ணிப் பார்த்தாள். அதிக நேரத்துக்கு இல்லை.

அவள் கேட்பது ஒரே ஒரு ஒலியை. சரியாகச் சொன்னால், அந்த ஒலி இல்லாதிருப்பதை. எஞ்சினின் உடம்பில் திருகிய சிறு மைக்கிலிருந்து ஒரு நீண்ட வயர் அவள் காதுவரை வருகிறது. சிலிண்டருக்குள் அடைபட்ட காற்றும் பெட்ரோலும், தீப்பொறி தொட்ட இடத்திலிருந்து, திரி எரிவதுபோல் ஒழுங்காக எரிந்து பரவ வேண்டும். சூடும் அழுத்தமும் மிஞ்சினால் தீ வந்து சேருமுன்பே ஒரு மூலை தானாக வெடிக்கும். மெக்கானிக்குகள் அதைத் தட்டல் என்பார்கள். மூடிபோட்ட வாணலியில் கடுகு பொரிவதுபோல் மிக மெல்லிய, கூரிய ஒலி. பொரிவது கடுகன்று, பிஸ்டனின் தலை. அந்த ஒலி தொடங்கும் கணத்தைப் பிடித்துவிட்டால் தீப்பொறியைச் சற்றுத் தாமதப்படுத்தி எஞ்சினைக் காப்பாற்றிவிடலாம். விட்டுவிட்டால் காப்பாற்ற எதுவும் மிஞ்சாது. லோகநாயகி மடிக்கணினியில் தீப்பொறியின் நேரத்தை டிகிரி டிகிரியாக நகர்த்துவாள், ஓட்டத்தின்போது கேட்பாள், விரித்த உள்ளங்கையைத் தூக்கினால் தம்பி மேலே போவான், மூடினால் காலை எடுப்பான். கோவையில் பந்தயக் கார் வைத்திருக்கும் பலருக்கும் இந்தக் கை தெரியும். "அக்கா காது இருக்கறப்ப இந்தக் கம்ப்யூட்டர் எதுக்குங்க, தேங்கா ஒடைக்கவா?" என்று மன்சூர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். அப்படிச் சொல்லும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். புகழ்ச்சி பிடிக்காததால் அல்ல. பிடித்திருப்பது வெளியே தெரிந்துவிடக் கூடாது என்பதால்.

எல்லாம் இந்தச் சிறிய புல்லியால் வந்தது. இல்லை, புல்லியின்மேல் பழி போடுவது முறையன்று, புல்லி தன் வேலையைச் செய்கிறது. கார் சிறியது, மஞ்சள் நிறம், இரண்டே இருக்கை, இருக்கைகளுக்குப் பின்னால் எஞ்சின். அந்த எஞ்சினுக்குள் காற்றைத் திணிப்பதற்கென்று உள்ள சூப்பர்சார்ஜர், எஞ்சினே சுழற்றும் ஒரு பெல்ட்டால் சுழல்கிறது. அதன் தலையில் பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியைக் கழற்றிவிட்டுச் சென்னி இன்னும் சிறிய ஒன்றை மாட்டியிருக்கிறான். கூடுதல் காற்றுக்கு ஈடாகப் பெட்ரோலைத் தெளிக்கப் பெரிய இன்ஜெக்டர்கள், அழுத்தத்தில் சூடேறும் காற்றைத் தணிக்கப் பெரிய இன்டர்கூலர். வலுவைக் கூட்டுவதற்கு ஒன்றைச் சிறிதாக்குவது பிறருக்கு விந்தையாக இருக்கலாம். அவளுக்கு அது பாலபாடம். சிங்காநல்லூரில் ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பொறியாளராக இருந்த காலமெல்லாம் அவள் செய்ததே அதுதான். நூல் முறுக்கும் கதிர்கள் வேகமாகச் சுற்ற வேண்டும், நூல் அதிகம் வேண்டும் என்று மேலிடம் கேட்கும்; சுற்றப்படும் புல்லியைச் சிறிதாக்கினால் சுற்று கூடும்; கூடிய சுற்றில் எந்தக் கதிர் முதலில் முனகும் என்பதை அவள் இரண்டு வரிசைகளுக்கு நடுவே நடந்துபோகும்போதே விரலை நீட்டிக் காட்டுவாள். ஆயிரம் கதிர்கள் ஒருசேரக் கூவும் கூடத்தில் ஒரே ஒரு பேரிங்கின் முனகல். அதற்காகவே அவள் காதடைப்பான் போட மறுத்தாள். பாதுகாப்பு அதிகாரி இரண்டு முறை எழுதிக் கொடுத்தார், மூன்றாம் முறை நேரில் வந்து சொன்னார். காதை அடைத்துக்கொண்டு நான் என்ன செய்யட்டும், முகர்ந்து பார்க்கவா என்று அவள் கேட்டாள். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அவர் சிரித்திருக்கக் கூடாது. அவளும் அவ்வளவு அழகாகக் கேட்டிருக்கக் கூடாது. வாய்ச்சாமர்த்தியத்தால் வென்ற வாதத்துக்கு உடம்பு கட்டுப்படுவதில்லை.

பெல்ட். அங்கேதான் சிக்கிக்கொண்டது, அதைத் தாண்டி எண்ணம் நகர மறுக்கிறது. மூன்றாவது ஓட்டம் உச்சத்தில் இருந்தபோது மன்சூர் முகத்தைச் சுளித்து ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டார். அவள் அதைப் பார்த்தாள். ஓட்டம் முடிந்ததும் அவர் யாரிடமென்றில்லாமல், புதுப் புல்லியில் பெல்ட் கீச்சென்று கத்துகிறது, கொஞ்சம் இறுக்கிவிட வேண்டும், பல்லெல்லாம் கூசிவிட்டது என்று சொல்லிக்கொண்டே விசிறியை எடுக்கப் போனார். அவளுக்கு ஒரு கீச்சொலியும் கேட்கவில்லை. ஹெட்போன் வெளிச்சத்தத்தை மறைத்திருக்கும் என்று உடனே ஒரு விடை கிடைத்தது. கிடைத்த வேகமே அதைச் சந்தேகத்துக்குரியதாக்கியது. ஹெட்போன் வெளிச்சத்தத்தை மறைக்கும், சரி. ஆனால் மைக் எஞ்சினின் உடம்பில் இருக்கிறது. பெல்ட் அதற்குப் பக்கத்தில் ஓடுகிறது. மன்சூருக்குப் பல் கூசினால் அவளுக்குக் கபாலம் பிளந்திருக்க வேண்டும். சூப்பர்சார்ஜரின் உறுமல் கேட்டது. உருளைகளின் இரைச்சல் கேட்டது. அடியிலிருந்து நடுவரை எல்லாம் கேட்டது. அதற்குமேல் மொட்டைமாடியில் கைப்பிடிச்சுவர் இல்லாததுபோல் ஒன்றுமில்லை. ஒன்றும் கேட்கவில்லை என்பதைத்தானே அவள் இத்தனை காலமாகச் சுத்தம் என்று சொல்லிவந்தாள்? முதல் ஓட்டத்துக்குப் பிறகும் சொன்னாள், இரண்டாவதற்குப் பிறகும் சொன்னாள். அந்தச் சுத்தம் எஞ்சினுடையதா, தன் காதுடையதா?

மைக்கின் கோளாறாக இருக்கலாம். மைக்கை மாற்றிப் பார்க்கலாம். மாற்றிப் பார்க்கலாம் என்று சென்ற மாதம் தெர்மாமீட்டரையும் சொன்னாள். சென்னியின் மனைவி கோகிலாவுக்குக் காய்ச்சல். அக்குளில் வைத்த தெர்மாமீட்டர் கூவவே இல்லை, பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அவள் எழுந்து வேறு தேடப் போனபோது, படுத்திருந்த கோகிலா கண்ணைத் திறக்காமலே, "அது எப்பவோ கத்திருச்சுங்க அண்ணி" என்றாள். காய்ச்சல்காரி சொல்வதை யார் பொருட்படுத்துவார்கள். கடுகும் அப்படித்தான். இரண்டு மூன்று முறை தாளிதம் தீய்ந்துபோயிற்று. பொரியட்டும் பொரியட்டும் என்று அவள் நின்றிருக்க, கடுகு எப்போதோ பொரிந்து கருகி, நாற்றம் வந்த பிறகே கரண்டி அசைந்தது. அடுப்பின்மேல் புகைபோக்கி விசிறி ஓடிக்கொண்டிருந்தது, அதன் இரைச்சல், என்று அப்போது ஒரு விடை இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு விடை இருந்தது. விடைகள் தனித்தனியே நல்லவையாகத்தான் இருந்தன. ஒன்றாக நிறுத்தினால் ஒன்றையொன்று பார்த்துத் தலைகுனியும். தம்பி குடும்பத்தோடு ஒருமுறை ஆனைகட்டி மலைக்குப் போய் ஓர் இரவு தங்கினார்கள். மழை ஓய்ந்த காடு. எவ்வளவு அமைதி என்று அவள் வியந்து சொன்னாள். சென்னி சிரித்தான். இந்தச் சில்வண்டுகள் போடும் கூச்சலில் தூக்கமே வராது போலிருக்கிறது, உனக்கு இது அமைதியா என்றான். அவள் நகைச்சுவையாகத்தான் சொன்னதாகப் பாவனை செய்து தானும் சிரித்தாள். அறைக்கு வந்து விளக்கை அணைத்தபின் சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். காடு கறுப்பாக இருந்தது, ஈரமாக இருந்தது, மண் மணத்தது. சத்தம் மட்டும் இல்லை. மழைக்குப் பிறகு அவை அடங்கியிருக்கும் என்று சன்னலைச் சாத்தினாள். அந்தச் சன்னலைச் சாத்திய கை இப்போது மேசைமேல் கிடந்தது. அதை அவள் அந்நியருடைய பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

மடிக்கணினித் திரையில் எஞ்சினின் சூடு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே மூன்றாவது ஓட்டத்தின் வரைகோடு. அதற்கும் கீழே எஞ்சினிலேயே உள்ள தட்டல் உணரியின் கோடு. நெடுகிலும் தரையோடு கிடந்துவிட்டு, உச்சத்துக்குச் சற்று முன்னால் சின்னஞ்சிறு மேடாக எழுந்திருந்தது. கரையான் புற்றின் தொடக்கம்போல. உணரியை அவள் ஒருநாளும் நம்பியதில்லை. அது சூப்பர்சார்ஜர் அதிர்ந்தாலும் தலையாட்டும், கியர்ப்பெட்டி இரைந்தாலும் தலையாட்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டுபவனின் சம்மதத்துக்கு என்ன மதிப்பு என்று பலர் நடுவில் சொல்லியிருக்கிறாள். இந்த மேடும் பெல்ட்டின் கீச்சொலியாக இருக்கலாம். இருக்கலாம். அப்படி இருந்தால், "சுத்தம்" என்று சொல்லிவிடலாம், சென்னி "எவ்வளவு?" என்பான், அவன் ஆசைப்பட்ட எண் திரையில் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை பந்தயத் தடத்துக்குப் போவான். நேர்ப்பாதையில் பொடியன்களின் கார்கள் தன்னைத் தாண்டிப் போகும்போது டவுன் பஸ்ஸுக்கு வழி விடுகிறாற்போல் இருக்கிறதென்று ஒரு வருஷமாகப் புலம்புகிறவன், இம்முறை காலை எடுக்காமல் மிதிப்பான். அப்படி இல்லையென்றால், அந்த நேர்ப்பாதையின் கடைசியில், வளைவுக்குச் சற்று முன்னால், வேகம் மிகக் கூடிய இடத்தில் பிஸ்டன் உடையும். இந்தக் காரில் எஞ்சின் இருப்பது பின்னால். சிதறும் எண்ணெய் விழுவது பின்சக்கரங்களின்மேல். பின்சக்கரங்கள் வழுக்கினால் இவ்வளவு சிறிய கார் என்ன ஆகும் என்பதை அவள் மற்றொருவருடைய காரில் ஒருமுறை பார்த்திருக்கிறாள். பம்பரம்போல் என்று சொல்வார்கள். பம்பரம் அழகாகச் சுற்றும்.

ஆனால் ஒரு வழி இருக்கிறது. அது மெதுவாக, நல்ல பிள்ளையைப்போல் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தது. "தட்டுகிறது" என்று சொல்லிவிடலாம். அவ்வளவுதான். ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்து, உச்சத்தில் லேசாகத் தட்டுகிறது, கொஞ்சம் குறைக்கிறேன் என்று சொன்னால் ஒருவரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். எஞ்சின் பிழைக்கும். தம்பி பிழைப்பான். மன்சூர், பாத்தீங்களா, மிஷினுக்கு முன்னால அக்காவுக்குத் தெரிஞ்சுருச்சு என்பார். எல்லோருக்கும் நன்மை; ஒருவருக்கும் தீங்கில்லை. அடுத்த காருக்கும் இதேபோல் திரையைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டு, கேட்டதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு சொல்லலாம். அதற்கடுத்த காருக்கும். உணரி தவறாகத் தலையாட்டும் ஒருநாள் வரை சொல்லலாம். அல்லது தலையாட்ட மறக்கும் ஒருநாள் வரை. அந்த நாள் எவனுடைய நாளாக இருக்கும்? கேட்டதைச் சொல், கேளாததைச் சொல்லாதே என்று ஆலையில் புதிதாக வந்தவர்களை அவள் எத்தனை முறை கடிந்திருப்பாள். பேரிங் சரியில்லை என்று ஊகத்தில் சொன்ன ஒருத்தியை, கழற்றிப் பார்த்ததில் அது உண்மையாகவே சரியில்லாமல் இருந்தபோதும், அவள் பாராட்டவில்லை. உனக்குத் தெரிந்து சொன்னாயா, வாய்த்ததா என்று கேட்டாள். அந்தப் பெண் அழுதாள். அழுகையினால் கேள்வி தவறாகிவிடாது. ஆனால் அதே கேள்வி இப்போது இந்த மேசையைச் சுற்றிவந்து, எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

இதை இழந்தால் வேறென்ன இருக்கிறது என்பதுதான் அடியில் கிடந்த கல். ஓய்வு பெற்றபின் சனிக்கிழமைகள் இந்தக் கொட்டகைக்கு உரியவை. சென்னியின் வீட்டு மாடியில் அவள் இருப்பது அவன் அக்கா என்பதால். இந்த மேசைக்குப் பின்னால் இருப்பது லோகநாயகி என்பதால். அன்பினால் கிடைக்கும் இடம் சுகமானது. வேலையினால் கிடைக்கும் இடத்தில்தான் முதுகு நிமிர்ந்திருக்கும்.

கார்க் கதவு திறந்தது. அது கேட்டது. சென்னி இறங்கி, முழங்காலை நீட்டி மடக்கிவிட்டு, மேசையருகே வந்து நின்றான். ஐம்பதைத் தாண்டியவன், பம்புக்கு வார்ப்பு வார்க்கிற பட்டறைக்காரன், புருவத்தில் எப்போதும் ஒரு கரி.

"என்னங்க்கா, ஆறியே போச்சு. ஒண்ணுமே சொல்லல?"

அவள் ஹெட்போனைக் கழற்றினாள். மேசைமேல் வைக்கவில்லை. அவன் பக்கம் நீட்டினாள்.

"இதை நீ போட்டுக்க."

"நானா? எனக்கென்ன தெரியும்."

"கடுகு பொரியறது தெரியுமல்ல. அது போதும். கேட்டா கையை மூடு."

"அப்ப வண்டி?"

"நான் ஓட்டறேன்."

அவன் மன்சூரைப் பார்த்தான். அக்கா ஓட்டினால் உருளையே ஒழுங்காகச் சுற்றும் என்று மன்சூர் ஏதோ சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார். அவளாகவே பெல்ட்டை இறுக்கச் சொன்னாள். ஐயத்துக்கு இடம் இருக்கக் கூடாது. அவர் ஸ்பேனரை எடுத்து இறுக்கினார். தீப்பொறியின் நேரத்தை அவள் தொடவில்லை. மூன்றாவது ஓட்டத்தில் இருந்தது இருந்தபடியே இருக்க வேண்டும்.

இருக்கை தம்பியின் நீண்ட கால்களுக்காகப் பின்னால் தள்ளியிருந்தது. முன்னால் இழுத்துக்கொண்டாள். ஸ்டியரிங் அவன் உள்ளங்கைச் சூட்டோடு இருந்தது. எஞ்சின் உயிர்பெற்றதும் அது அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து தண்டுவடம் வழியாக ஏறியது. இத்தனை ஆண்டுகள் வயர் வழியாக மட்டுமே அறிந்த ஒன்று இவ்வளவு பெரிய உடம்புள்ளது என்பது அவளுக்குப் புதிதாக இருந்தது. மூன்றாம் கியர். முழு மிதி. உருளைகள் இரைந்தன, சூப்பர்சார்ஜர் அடிவயிற்றிலிருந்து உறுமி மேலே ஏறி, ஏறி, அவளுக்குத் தெரிந்த கூரையைத் தொட்டு, அதற்குமேல் போய் மறைந்தது. மறைந்த இடத்தில் இன்னும் ஏதோ நடந்துகொண்டிருக்கிறது என்பதை அவள் கண்ணாடிக்கு அப்பால் தம்பியின் முகத்தில் பார்த்தாள். முதலில் கண்ணை மூடியிருந்தான், கோயிலில் நிற்பவனைப்போல். கை விரிந்து உயர்ந்திருந்தது. பிறகு கண் திறந்தது. புருவத்துக் கரி கீழே இறங்கியது. ஒரு கணம் அவன் தன் காதை நம்பாமல் அவளைப் பார்த்தான். பிறகு கை மூடியது.

அவள் காலை எடுத்தாள்.

உருளைகள் ஓய்ந்து நிற்க நேரம் பிடித்தது. சென்னி ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு கார்க் கதவருகே வந்து குனிந்தான்.

"தட்டுதுக்கா. மேல போகப் போக நல்லாவே தட்டுது."

அவள் தலையசைத்தாள். அவன் நிமிரவில்லை. உலோகத்தைக் காய்ச்சி ஊற்றுகிறவன். எது எப்போது உறையும் என்று தெரிந்தவன். அவன் முகத்தில் கணக்கு ஒவ்வொரு படியாக இறங்குவதை அவள் தடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மன்சூர் தேவையில்லாமல் விசிறியை இன்னொரு பக்கம் உருட்டிக்கொண்டு போனார்.

"நீ எதையும் மாத்தல. போன தடவையும் இப்படித்தான் தட்டியிருக்கும்."

"இருக்கும்."

"உனக்குக் கேக்கல."

"இல்ல கண்ணு."

"எப்ப இருந்து?"

"ஆனைகட்டிக்குப் போனமே, அதுக்கும் முன்னால இருந்தே இருக்கும். எனக்கே தெரியக் கூடாதுன்னு இருந்துட்டேன்."

அவன் ஆறுதலாக ஏதேனும் சொல்வான் என்று அவள் அஞ்சினாள். சொல்லவில்லை. கதவின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமை இதே கணக்கை வைத்துக்கொண்டு நேர்ப்பாதையில் காலை எடுக்காமல் போயிருப்பேனே என்று தணிந்த குரலில் சொன்னான். போயிருப்பாய் என்றாள் அவள். அவன் குரல் தாழ்ந்த குரல்; ஒவ்வொரு எழுத்தும் அவளுக்குக் கேட்டது. பிறகு அவன் மேசையிலிருந்த மடிக்கணினியைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தான்.

"எத்தனை கொறைக்கற?"

"ரெண்டு டிகிரி."

"மூணு கொறை. ஞாயித்துக்கெழமை கோகிலா பாக்க வர்றா."

அவள் மூன்று குறைத்தாள். அவன் திரும்பிப் போய் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து, ஹெட்போனை இரண்டு கைகளாலும் அழுத்திப் பொருத்திக்கொண்டான். நாற்காலி அவனுக்குச் சிறியது. ஐந்தாவது ஓட்டம் நாலாவதைப்போலவே அவள் முதுகில் தொடங்கியது. உறுமல் ஏறியது. தனக்குத் தெரியாத உயரத்துக்குள் அது நுழைந்தபோது அவள் காது எதையும் தேடவில்லை; கண்ணாடிக்கு அப்பால் விரிந்திருந்த ஒரு கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். கரி படிந்த, ரேகை அகன்ற கை. அது மூடவில்லை. உச்சம் வந்தது, கடந்தது, அவள் காலை எடுத்தாள், உருளைகள் மெல்ல மெல்ல ஓய்ந்தன.

ஹெட்போன் சென்னியின் காதிலேயே இருந்தது. தலையைச் சாய்த்து, கேட்டதை மறுபடி ஒருமுறை உள்ளே கேட்பவன்போல் இருந்தான். அவள் ஸ்டியரிங்கின்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இந்தப் பக்கத்தில் உட்கார்ந்தால் இந்த இடைவெளி இவ்வளவு நீளமானது என்று அவளுக்கு இதுவரை தெரியாது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவன் இதில் இருந்திருக்கிறான், ஒருமுறைகூட அவசரப்படுத்தியதில்லை.

அவன் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தான்.

"சுத்தம்ங்க்கா" என்றான்.

மன்சூர் திரையின்மேல் கைவைத்துக்கொண்டு, வழக்கத்தை மீறாமல், காரின் பக்கம் பார்த்து நின்றார். லோகநாயகி கண்ணாடியை இறக்கினாள்.

"எவ்வளவு?" என்று கேட்டாள்.